முதல் கியர்

ஞாயிற்றுக்கிழமை வா, ஜிண்ட்ரா.
மருத்துவமனை வாகன நிறுத்தம் காலியாகத்தான் கிடக்கிறது.
முட்டுவதற்கு அங்கே கொடிக்கம்பம் ஒன்றுதான்.
அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வெள்ளைக் கட்டைச் செருப்பைப் போட்டு வராதே,
கிளட்சில் வழுக்கும்.
பிப்ரவரியிலிருந்து அதைப் பையில் கட்டிக்
கதவோரம் வைத்திருக்கிறாயாமே,
உன் மகன் ரைவிஸ் சொன்னான்.
உள்ளே எடுத்து வை, இல்லையென்றால் தூக்கிப் போடு.
வாசலில் மட்டும் வேண்டாம்.
ஒவ்வொரு முறையும் தாண்டித்தானே வெளியே போகிறாய்.

கடிதத்தில் 'சீரமைப்பு' என்று எழுதியிருந்தார்கள்.
பிரசவப் பிரிவை மூட அவர்களுக்கு நாலு வரி போதுமாயிருந்தது.
அதிலும் உன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
நீ அன்று முழுக்கப் பிழையைப் பற்றியே பேசினாய்.
இருபத்தாறு வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் வேலை போகவில்லை.
இதை மறைத்துக்கொண்டு உனக்குத் தைரியம் சொல்ல
எனக்கு வாய் வராது.
இப்போதும் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன்.
வலியெடுத்த பெண்களை ஏற்றிக்கொண்டு
நம் கட்டடத்தைக் கடந்து
இன்னும் எண்பது கிலோமீட்டர்.
கடக்கும்போது இடது பக்கம் பார்ப்பதில்லை.

பனி கொட்டிய அந்த இரவு ஞாபகமிருக்கிறதா,
மரம் அறுக்கும் ஆலைக்கு அப்பால்?
நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.
பின்னாலிருந்து நீ கண்ணாடியைத் தட்டினாய்:
'மெதுவாகப் போ, வால்டிஸ். ஆனால் நிறுத்திவிடாதே.'
ஆம்புலன்ஸ்காரனிடம் மெதுவாகப் போகச் சொன்னவள்
நீ ஒருத்திதான்.
பாலம் வருவதற்குள் பின்னால் ஓர் அழுகை,
புதுக் குரல்.
எனக்குக் கை நடுங்கியது. உனக்கு நடுங்கவில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்துப் படிவத்தில்
'திறமைகள்' என்ற இடத்தை வெறுமையாக விட்டுவந்தாயாம்.
என்னைக் கேட்டிருக்கலாம்.
விளக்குப் போடாமல், தூங்குகிறவளை எழுப்பாமல்
நரம்பைக் கண்டுபிடிப்பாள் என்று எழுதியிருப்பேன்.
வராந்தாவில் நிற்கும் கணவனிடம்
எப்போது பேச வேண்டும் என்று தெரிந்தவள்,
எப்போது அவன் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும் என்றும்.
அதற்குப் படிவத்தில் இடம் போதாது.
பின்பக்கத்திலும் எழுதலாமே.

வீடு வீடாகப் போகும் செவிலி வேண்டுமாம்.
நாற்பத்தோரு வீடுகள், பெரும்பாலும் காட்டுப் பாதைகள்,
ஆறாத புண், இன்சுலின், தனியாக இருக்கும் கிழவர்கள்.
சம்பளம் கொஞ்சம் குறைவு, பொய் சொல்ல மாட்டேன்.
எல்லாம் வாசித்தாய்,
'ஓட்டுநர் உரிமம் அவசியம்' என்ற வரி வந்ததும்
தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டாய்.
ஐம்பத்தொன்றில் யார் கற்றுத்தருவார்கள் என்றா?
உன் பக்கத்துத் தெருவில் ஒருத்தன் இருக்கிறான்.
ஞாயிறு அவனுக்கு வேலையில்லை.

வண்டி நின்றுபோகும். பத்துமுறை நிற்கும்.
குதிரை மாதிரி துள்ளிவிட்டு நிற்கும்.
சாவியைத் திருப்பினால் மறுபடி கிளம்பும்,
அதற்கு ரோஷம் கிடையாது.
நீ கெட்டவார்த்தை சொல்லலாம்,
அங்கே இனி நோயாளிகள் இல்லை.

கொதிகலன் புகைபோக்கியில் நாரைகள் வந்துவிட்டன.
பிரிவு மூடியதை யாரும் அவற்றிடம் சொல்லவில்லை போல.
சுள்ளி பொறுக்குகின்றன.
நீ பார்த்தால் அழுவாய் என்று முதலில் நினைத்தேன்,
பிறகு, சிரிக்கவும் கூடும் என்று தோன்றியது.

பிர்ச் மரத்துச் சாறு இறக்கி வைத்திருக்கிறேன்,
இன்னும் புளிக்கவில்லை.
நீ அந்தச் சீரக ரொட்டியைக் கொண்டுவா.
வந்ததும் ஸ்டீயரிங்கைப் பிடிக்காதே.
உன் இருக்கை பின்னால் தள்ளியிருக்கும்,
எனக்கு நீளக் கால்.
கீழே ஒரு கம்பி இருக்கிறது, தூக்கி
முன்னால் இழு,
உன் கால் எட்டும்வரை.
முதல் நாளுக்கு அவ்வளவுதான்.